தடித்த ஒயர்

என் மனைவியின் தம்பியை நான் அடித்தது ஒரே ஒரு அடி. நாலு அடி, பத்து அடி, மேடையிலிருந்து தூக்கி எறிந்தான் என்றெல்லாம் பிற்பாடு பேசிக்கொண்டது கண், காது, மூக்கு வைத்த கதை. ஒரே அடிதான். ஆனால் அது பேஸ் கிட்டார் வாசிக்கிற கை. பதினெட்டு வருடம் தடித்த கம்பிகளை இழுத்து இழுத்து விரலெல்லாம் காய்த்துப்போன கை. அவனுடைய இடது காதில் அது முழுசாக விழுந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. குழுவில் எனக்கு வைத்த பெயர் வெடி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பேன். என் கையால் உடைந்தவற்றில் இரண்டு கதவு, மூன்று கைபேசி, ஒரு வேன் டிரைவரின் மூக்கு ஆகியவை அடக்கம். இதற்கு முன் மூன்று குழுக்களில் வாசித்து, மூன்றிலும் யாரையாவது அடித்துவிட்டு வெளியே வந்தவன் நான். கடைசியாக மாஸ்டர்தான் சேர்த்துக்கொண்டார். கீபோர்டு வாசிப்பவர், குழுவும் அவருடையது. அவரை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த அயோக்கியத்தனம் புரிவதற்காக.

மைத்துனன் குழுவில் சத்தம் பார்க்கிறவன். மேடைக்கு எதிரே கூடத்தின் கடைசியில் மிக்சருக்கு முன்னால் நின்றுகொண்டு, யார் சத்தம் எவ்வளவு வரவேண்டும் என்று திருகிக்கொண்டிருப்பான். அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆள் ஒல்லி, பேச்சு கம்மி, கை சுத்தம். என்னை மாமா என்பான். "மாமா, உங்க மூணாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவிலேயே கண்டுபிடித்து வந்து சொல்வான். அப்படி ஒரு காது அவனுக்கு.

அன்று பகல் நிகழ்ச்சி, ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. நான் கம்பியைத் தொடாதபோதும் என் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மேடை விளக்குகளைக் கூட்டினால் அதுவும் கூடும், குறைத்தால் குறையும். தொடர்ந்து மூன்றாவது நிகழ்ச்சி இப்படி. முதல் இரண்டு தடவையும் மைத்துனன் வந்து, "மாமா, உங்க ஒயர ஒருவாட்டி மாத்திப் பாருங்களேன்" என்றான். இரண்டு தடவையும் விரட்டிவிட்டேன்.

என் ஒயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற ஒயர் அது. பழைய சாமான் விற்கிறவனிடம் அந்த மாதம்தான் பாதி விலைக்கு வாங்கினேன். என் சுண்டு விரல் தடிமன். இரண்டு முனையிலும் செருகுவதற்கு ஜாக், பார்க்க எல்லாக் கிட்டார் ஒயரையும் போலத்தான், ஆனால் மற்றவர்களுடையதெல்லாம் அதன் பக்கத்தில் நூல் போலத் தெரியும். பேஸ் என்றால் கனமான சத்தம், கனமான சத்தம் போக கனமான ஒயர் வேண்டாமா? இதுதான் என் விஞ்ஞானம். "லாரி ஏறினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிகழ்ச்சியில், இடைவேளையில், அவன் மேடைக்கே ஏறி வந்தான். கையில் ஒரு மெல்லிய கேபிள்.

"மாமா, இதப் போட்டு ஒரு நிமிஷம் பாருங்க. சின்னதா இருக்கும், ஆனா நல்லது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மொதல்ல உன் பெட்டியப் போய்ப் பாரு."

"பாத்துட்டேன் மாமா. உங்க லைன மட்டும் மூடினா இரைச்சல் போயிடுது."

"அப்போ நான்தான் இரையறேன்கறியா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் குனிந்து என் கிட்டாரில் செருகியிருந்த ஜாக்கில் கை வைத்தான். அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. விட்டேன் ஒன்று.

அவன் ஒயரை விடவில்லை. பிடித்தபடியே பின்னால் போனான், ஒயர் கிட்டாரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது, என் ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் இரும்பு மூலையில் காதுக்குப் பின்புறம் மோதிக் கீழே விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி, சட்டைக் காலருக்குள் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் குனிந்து பார்த்தது அந்த ஜாக்கைத்தான். வளைந்திருந்தது. அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி ஓடி வந்தாள். கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதாலேயே என் நெற்றியில் ஓங்கி அடித்தாள், மூடி கழன்று தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குள் நர்ஸ் வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம்தான் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். காதுத் திரை கிழிந்திருக்கிறது, அது தானாக ஆறலாம், உள்ளே எவ்வளவு அடி என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். நான் 'ஆறலாம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'போகப் போக' என்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மாஸ்டர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"கை நீட்டினது உன் தப்பு வெடி. அது குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீத்துக்கங்க. ஆனா மூணு நிகழ்ச்சியா இரைச்சலோட ஓட்டினான் பாரு, அது என் விஷயம். அவன் வேண்டாம்."

"வேலை தெரியாத பய சார். சொந்தமாச்சேன்னு சேத்தேன்" என்றேன் நான்.

அது மாஸ்டரோடு நிற்கவில்லை. மற்ற குழுக்காரர்கள், கூடம் வாடகைக்கு விடுகிறவர்கள், ஸ்பீக்கர் வாடகைக்காரர் என்று ஒரு வாரத்தில் எல்லோர் வாய்க்கும் போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம் நானும் சொன்னேன். அடித்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. அவன் வேலை தெரியாதவனாக இருந்தால்தான் நான் அடித்ததில் பாதியாவது நியாயம்.

மனைவி தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நீ அடிச்சத நான் என்னைக்காவது மறந்தாலும் மறப்பேன். அவன் வேலை தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற பாரு, அத மறக்க மாட்டேன். அவனுக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதக் கொண்டு வந்து குடுத்துட்டு எங்கிட்ட பேசு."

அவள் போன மறுநாள் வளைந்த ஜாக்கை மாற்ற இசைக்கருவிக் கடைக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு அம்மா. கொண்டையில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பார். வாய் அதைவிடக் கூர்மை. என் ஒயரைக் கையில் வாங்கினார், எடை பார்ப்பதுபோல் ஆட்டினார், ஜாக்கின் மூடியைத் திருகிக் கழற்றினார். மேல் உறையைப் பிளேடால் கொஞ்சம் சீவினார்.

"எதுக்கு தம்பி இத யூஸ் பண்றீங்க?"

"பேஸ் கிட்டாருக்கு."

"கிட்டார்லேர்ந்து ஆம்ப்ளிஃபையருக்கா?"

"பின்ன, துணி காயப்போடவா?"

"அதுக்கு வேணா சரியா இருக்கும்" என்றார். "இது ஸ்பீக்கர் ஒயர் தம்பி. ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து ஸ்பீக்கருக்குப் போறது. இங்க பாருங்க, ரெண்டு தடிச்ச செம்பு, பக்கத்துல பக்கத்துல. வேற ஒண்ணுமே இல்ல." பெட்டியிலிருந்து ஒரு துண்டுக் கேபிளை எடுத்து, அதன் உறையையும் சீவிக் காட்டினார். "இது கிட்டார் கேபிள். நடுவுல ஒரே ஒரு மெல்லிசு. அதச் சுத்தி வலை மாதிரி செம்பு பின்னியிருக்கா? கிட்டார்லேர்ந்து வர்ற சத்தம் கொசுவாட்டம், அவ்வளவு சின்னது. வெளிய இருக்கற லைட்டு, மோட்டார், எல்லாத்தோட இரைச்சலும் உள்ள வராம அந்த வலைதான் தடுக்கும். உங்களதுல வலையே கிடையாது. மேடையில லைட்டப் போட்டா ம்ம்ம்னு கத்தணுமே? கத்தலையா?"

நான் அந்தத் துண்டுக் கேபிளை வாங்கி அதன் பின்னலை விரலால் நெருடினேன்.

"ரெண்டுக்கும் ஜாக் ஒரே மாதிரி இருக்கறதால நிறைய பேரு ஏமாறுவாங்க. வெளுத்ததெல்லாம் பால்தானே நமக்கு. உங்க சவுண்டுக்காரரு சொல்லலையா?"

அந்தக் கேள்விதான். அந்த அம்மாவை அடிக்கக் கை எழுந்தது, பொய் சொல்வானேன். அவர் கையில் பிளேடு இருந்தது, அதனால் என் கை திசை மாறி மேசைக் கண்ணாடியில் இறங்கியது. நட்ட நடுவில் விரிசல் ஓடி, ஒரு துண்டு உள்ளே விழுந்து அடுக்கி வைத்திருந்த கம்பிச் சுருள்களைச் சிதறடித்தது. என் உள்ளங்கையிலிருந்து ரத்தம் கண்ணாடியில் சொட்டியது. அந்த அம்மா ஒரு அடிகூடப் பின்னால் நகரவில்லை. கீழே குனிந்து ஒரு பழந்துணியை எடுத்து என் பக்கம் எறிந்தார்.

"கையக் கட்டுங்க. கண்ணாடிக்குக் காசு வைங்க. அப்புறம் கேபிள் வேணும்னா காட்டறேன்."

கட்டினேன். காசு வைத்தேன். கடையில் இருக்கிற மிக உயர்ந்த கேபிளைவிட அந்தக் கண்ணாடி விலை அதிகம் என்று அப்புறம் தெரிந்தது.

மூன்று கேபிள்களை எடுத்துப் போட்டார். ஒன்று தங்க முலாம் பூசிய ஜாக், பட்டுத்துணி சுற்றினதுபோல் பளபளப்பு. "இது பணக்காரங்க பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுக்கறது" என்று ஒதுக்கினார். ஒன்று மிக மலிவு. அதன் ஜாக்கோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடியிருந்தது. "இதத் திறக்கவே முடியாது. உள்ள செம்பா குப்பையான்னு கடவுளுக்குத்தான் தெரியும். அந்துபோனா தூக்கி எறிய வேண்டியதுதான்." மூன்றாவதை என் கையில் கொடுத்தார். ஜாக்கின் மூடி திருகித் திறந்தது. உள்ளே பற்றவைத்த ஈயம் பொட்டு வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது, இழுத்தால் பிய்ந்து வராதபடி கழுத்தில் ஒரு இரும்புப் பிடி கேபிளைக் கவ்வியிருந்தது. தரையில் விட்டால் முறுக்கிக்கொண்டு எழாமல் சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்தது. கடையிலிருந்த ஆம்ப்ளிஃபையரில் செருகி, கேபிளைக் காலால் மிதித்துக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

"பத்தடி போதும். நீங்க என்ன மேடையில ஓடியா வாசிக்கறீங்க? நீளம் கூடக் கூட சத்தத்தோட கூர்மை மழுங்கும். விலையும் கூடும்."

விலையைக் கேட்டேன். இரண்டு பேர் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற காசு. அன்று மேடையில் மைத்துனன் நீட்டியது இதே சாதிக் கேபிள்தான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய், வீம்புக்குப் பழைய ஒயருக்கு வேறு ஜாக்கை வைத்து ஒட்டி, மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரைந்தது. புதியதைச் செருகினேன். கப்சிப். ஏழெட்டு முறை மாற்றிப் பார்த்தேன், யாராவது என்னை ஏமாற்றுகிறார்களோ என்பதுபோல. ஏமாற்ற வீட்டில் வேறு ஆளே இல்லை. அந்தப் பழைய ஒயரைக் குப்பையில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன், கடைசியில் கிட்டார் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் புது ஆள் மிக்சரில் நின்றான். என் கிட்டாரில் புதுக் கேபிள். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா வெடி? அவன் போனான், இரைச்சலும் போச்சு."

நான் தலையை ஆட்டினேன். நான் புதுக் கேபிள் வாங்கியது மைத்துனன் மேல் போட்ட பழிக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மாஸ்டர் என்னைத் துரத்திவிடுவார், நாலாவது குழுவும் போய்விடும். காது ஆறிவிடும், அவனுக்கு வயதிருக்கிறது, எங்கேயாவது வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன். மூன்று நிகழ்ச்சிகள் அப்படி ஓடின. நடுவில் மனைவி ஒருமுறை கைபேசியில் கூப்பிட்டாள்.

"மூணு எடத்துல வேலை கேட்டுப் போனான். 'இரைச்சல் விடற ஆளு நீதானா'ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. நாலாவது எடத்துக்குப் போக மாட்டேங்கறான். சாப்பிடவும் மாட்டேங்கறான். தெரிஞ்சுக்கோ."

வைத்துவிட்டாள். நான் அன்று மாலை குண்டூசியோடு போய் டீ குடித்தேன். டீ இறங்கியது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

குண்டூசி என்பது எங்கள் டிரம்ஸ்காரன். மெலிந்தவன், ஆனால் யாரைக் குத்தினாலும் ரத்தம் வரும்படி கேலி செய்வான். நான்காவது நிகழ்ச்சி அன்று காலை, பெரிய கூடம் ஒன்றில் சாமான்களை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். கூடத்தின் மேனேஜர் மாஸ்டரிடம், "பழைய சவுண்டுக்காரரு எங்க? அமைதியான பையனாச்சே" என்று கேட்டார். மாஸ்டர் பதில் சொல்வதற்குள் குண்டூசி ஸ்டூலிலிருந்து எழுந்தான். இடது காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, ஒயர மாத்துங்க மாமா" என்று என் மைத்துனன் குரலிலேயே சொல்லி, ஒயரை இழுத்தபடி பின்னால் சரிந்து விழுந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். வாய் விட்டு, பல் தெரிய. மைக் திறந்திருந்ததால் என் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

அடுத்து என்ன செய்தேன் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. குண்டூசியின் சட்டை என் பிடியில் இருந்தது. அவன் மூக்கில் என் நெற்றி மோதியது. சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு சாய்ந்து மேடையில் உருண்டது. அவன் வாயெல்லாம் ரத்தத்தோடு, "ஏண்டா, நீயே அடிச்சுட்டு நீயே சொன்னதத்தானடா நடிச்சேன்" என்று அலறினான். உண்மைதான். நடித்தவனை அடிக்கிறேன், செய்தவன் நான். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அவனை விட்டுவிட்டுக் கிட்டார் பையிடம் போனேன். பழைய ஒயரை வெளியே இழுத்தேன்.

"எல்லா லைட்டையும் போடச் சொல்லுங்க சார்."

"என்னடா பண்ற?" என்றார் மாஸ்டர்.

"போடச் சொல்லுங்க!"

போட்டார்கள். பழைய ஒயரைச் செருகினேன். கூடம் முழுக்க 'ம்ம்ம்' என்று எழுந்தது, புதிய ஆள் பயந்துபோய் மிக்சரை விட்டுக் கையை எடுத்தான். பிடுங்கிவிட்டுப் புதுக் கேபிளைச் செருகினேன். நிசப்தம். மறுபடி பழையது. இரைச்சல். மறுபடி புதியது. ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"இது ஸ்பீக்கர் ஒயர் சார். தடியா இருக்கேன்னு நான் வாங்கினது. அவன் மூணு தடவ மாத்தச் சொன்னான். அடிச்ச ஒரு வாரத்துலயே எனக்குத் தெரியும். புதுசு வாங்கிப் போட்டுட்டு வாய மூடிட்டு இருந்தேன்."

மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். யாரையும் வாடா போடா என்பதற்கு மேல் திட்டி நான் பார்த்ததில்லை. மெதுவாக நடந்து வந்து, என் கையிலிருந்து அந்த ஒயரை வாங்கி, இரண்டாக மடித்தார். முதல் அடி என் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது முகத்தில், தொங்கிய நுனியிலிருந்த ஜாக் உதட்டைக் கிழித்தது. "என் வாயால, எத்தனை பேருகிட்டடா சொல்லியிருக்கேன், என் வாயால!" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி. நான் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியபோது குண்டூசி வந்து இடுப்பில் உதைத்தான், அவன் கணக்கு தனி. சாமான் தூக்குகிற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மைத்துனன் அவர்களுக்கு வேண்டியவன், தினமும் அவர்களோடுதான் சாப்பிடுவான். ஒருவன் குச்சியால் அடித்தான், ஒருவன் பூட்ஸ் காலால். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைத் தூக்காமல் கிடந்தேன். வாசிக்கிற கையை மட்டும் வயிற்றுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன், அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

மேனேஜர்தான் கடைசியில் விலக்கிவிட்டார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"இனிமே என் மேடையில ஏறாத" என்றார். "அவனுக்கு நான் போன் பண்றேன். எல்லாருக்கும் நானே சொல்றேன். நீ போ. போய் அவன் முன்னாடி நில்லு."

மாமியார் வீட்டுக் கதவை மனைவிதான் திறந்தாள். என் உதடு, வீங்கின கண், சட்டையில் ரத்தம் எல்லாவற்றையும் ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"யாரு?"

"எல்லாரும்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. வழியை விட்டு நகர்ந்தாள், கையைப் பிடிக்கவில்லை.

மைத்துனன் உள் அறையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். நாலு வாரத்தில் பாதியாகியிருந்தான். அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"என் ஒயர்தான்டா. நீ சொன்னதுதான் சரி. மாஸ்டர்கிட்ட, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும் மாமா" என்றான். "மொத நாளே தெரியும்."

"நீயும் ஒரு அடி அடிச்சுடு. என் மனசு ஆறட்டும்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் அடிதானா மாமா" என்றான், சலித்துப்போய்.

அப்போது அவன் கைபேசி அடித்தது. திரையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். எடுத்து இடது காதில் வைத்தான். வலது கை எப்போதும் மிக்சரில் இருக்கும் என்பதால் கைபேசியை இடது காதில் வைத்துத்தான் அவனுக்குப் பழக்கம்.

"ஹலோ... சார்? ஹலோ?"

எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மாஸ்டரின் குரல் சன்னமாகக் கேட்டது. அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவன் இன்னும் இரண்டு தடவை ஹலோ என்றான். கைபேசியை எடுத்துத் திரையைப் பார்த்தான், லைன் இருக்கிறதா என்று. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது காதுக்கு மாற்றினான்.

மனைவி கதவருகில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"இருக்கட்டும் சார்... நீங்க போய் மன்னிப்பெல்லாம்... நாளைக்கேவா? வர்றேன் சார்." அவன் முகத்தில் மெல்ல மெல்ல உயிர் வந்தது. பிறகு சட்டென்று குரலை உயர்த்தினான். "காதா? ஆறிடுச்சு சார். நல்லாக் கேக்குது. ரெண்டும் நல்லாக் கேக்குது."

வைத்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். நான் நகர்ந்து அவன் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"ஒத்தக் காதுக்காரன்னு தெரிஞ்சா மிக்சர்கிட்டயே விட மாட்டாங்க மாமா. சமாளிச்சுப்பேன். உண்மையச் சொல்றேன்னு கிளம்பிட்டீங்க, சந்தோஷம். இத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்று முணுமுணுத்தேன்.

அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன மாமா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றான்.

நான் அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்து, மறுபடியும் சொன்னேன்.